தற்காப்புக் கட்டடங்களைக் கட்டுவதும் உடைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்டிஎஸ் எனப்படும் நிகழ்நேர வியூக விளையாட்டுகளில் கோபுரம், பங்கர் (வீரர்கள் உள்ளிருந்து சுடும் அரண்), கோட்டை, மதில் ஆகியவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999), ரெட் அலர்ட் 2 (2000), வார்கிராஃப்ட் 3 (2002), ஸ்டார்கிராஃப்ட் 2 (2010) ஆகிய நான்கிலிருந்து எடுக்கப்பட்டவை. விலையும் வீச்சும் பேட்ச்சுக்குப் பேட்ச் (அவ்வப்போது வெளிவரும் திருத்தப் பதிப்பு) மாறக்கூடியவை என்பதால், எண்களை மனப்பாடம் செய்வதைவிட அவற்றுக்கு இடையே உள்ள விகிதத்தைக் கவனிப்பது பயன் தரும்.

தற்காப்புக் கட்டடம் என்று எவற்றைச் சொல்கிறோம்?

இடம்விட்டு நகராமல் எதிரியைச் சுடும் கட்டடங்கள், எதிரியின் வழியை அடைக்கும் மதில்கள், வீரர்களையோ தொழிலாளர்களையோ உள்ளே ஏற்றுக்கொண்டு பாதுகாக்கும் கட்டடங்கள் ஆகிய மூன்றையும் சொல்கிறோம். ஒரே கட்டடம் இவற்றுள் இரண்டு வேலைகளைச் செய்வதும் உண்டு. சில விதிவிலக்குகளும் இருக்கின்றன: ஸ்டார்கிராஃப்ட் 2-இல் ஜெர்க் இனத்தின் ஸ்பைன் கிராலர் வேரைப் பிடுங்கிக்கொண்டு நகரும், வார்கிராஃப்ட் 3-இல் நைட் எல்ஃப் இனத்தின் காவல் மரங்களும் அப்படியே.

கோபுரம் பாதுகாப்புத் தருகிறது என்றால், நிறையக் கட்டிக்கொள்வதில் என்ன தவறு?

விலையைக் கணக்குப் பார்த்தால் தவறு தானாகத் தெரியும். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் புரோட்டாஸ் இனத்தின் சுடும் கோபுரமான போட்டான் கேனன் ஒன்றின் விலை 150 மினரல் (சுரங்கத்தில் கிடைக்கும் அடிப்படை வளம்). நான்கு கேனன்களுக்கு 600 ஆகிறது. அதே 600-இல் 400 மினரலுக்கு ஒரு புதிய நெக்ஸஸும் (தளத்தின் மையக் கட்டடம்), தலா 50 வீதம் நான்கு ப்ரோப்களும் (தொழிலாளர்கள்) கிடைத்துவிடும். அதாவது, எதிரி வரவே இல்லையென்றால் நீங்கள் இழந்தது நான்கு கேனன்களை அல்ல. இன்னொரு தளத்தையும், அந்தத் தளம் ஆட்டம் முடியும்வரை ஈட்டித் தந்திருக்கக்கூடிய வருமானம் முழுவதையும் இழந்திருக்கிறீர்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் ஒரு காவல் கோபுரத்துக்கு 125 கல் வேண்டும். ஐந்து கோபுரங்களுக்கு 625. ஒரு கோட்டைக்கு வேண்டியது 650 கல்தான். கோட்டையோ 4,800 உயிர்ப்புள்ளிகளுடன் நிற்பதோடு, உங்கள் நாட்டுக்கே உரிய சிறப்பு வீரர்களையும் ட்ரெபுஷே கல்லெறி பொறிகளையும் உருவாக்கித் தரும். அச்சத்தில் தளத்தைச் சுற்றிலும் கோபுரங்களைத் தெளித்தவர்கள் அடுத்த யுகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கோட்டை கட்டக் கல்லில்லாமல் நிற்பது வழக்கமாகக் காணப்படும் காட்சி.

இரண்டாவது சிக்கல் இடம் சார்ந்தது. ஐந்து இடங்களில் நிற்கும் ஐந்து கோபுரங்கள் ஒன்றுக்கொன்று உதவ முடியாது. தாக்குபவர் தம் படை முழுவதையும் ஏதேனும் ஒரு கோபுரத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தலாம். அப்போது அவருடைய முழுப் பலமும் உங்கள் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கும்தான் மோதிக்கொள்கின்றன. நகரக்கூடிய படைக்கு இந்தக் குறை இல்லை. எனவே ஒரு கோபுரம் தன் விலைக்குச் சமமான படையைவிட நேருக்கு நேர் வலுவானதாக இருந்தாலும், வரைபடம் முழுவதையும் வைத்துப் பார்க்கும்போது அந்த வலு குறைந்துவிடுகிறது.

அப்படியானால் எந்தச் சூழ்நிலையில் கட்டுவது சரி?

கட்டடம் விலைக்கு வாங்கித் தருவது நேரத்தை. அந்த நேரத்தில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதற்கு உங்களிடம் விடை இருந்தால் கட்டலாம். இல்லையென்றால் தோல்வியைச் சில நிமிடங்கள் தள்ளிப்போடுகிறீர்கள், அவ்வளவே. முதல் ஸ்டார்கிராஃப்டின் விரிவாக்கமான புரூட் வார் காலத்தில் ஜெர்க்குக்கு எதிராகப் புரோட்டாஸ் ஆட்டக்காரர்கள் கடைப்பிடித்த முறை இதற்குத் தெளிவான சான்று. அவர்கள் வீரர்களை உருவாக்குவதற்கு முன்பே, கேனன் கட்டத் தேவையான ஃபோர்ஜ் என்னும் கட்டடத்தைக் கட்டி, இரண்டாவது தளத்தின் வாயிலில் கட்டடங்களால் ஒரு சுவர் எழுப்பி, அதன் பின்னால் சில கேனன்களை வைத்துவிடுவார்கள். அந்தக் கேனன்கள் எதிரியை வெல்வதற்காக வைக்கப்பட்டவை அல்ல. படையே இல்லாத நிலையிலும் இரண்டு தளங்களின் வருமானத்தைத் தொடக்கத்திலேயே பெற்றுவிடுவதுதான் நோக்கம்.

படைக்கு விதிக்கப்படும் வரம்பு கட்டடங்களுக்கு இல்லாதபோதும் அவை லாபகரமானவை. வார்கிராஃப்ட் 3-இல் உங்கள் படையும் தொழிலாளர்களும் சேர்ந்து 50 உணவு அளவை (ஒவ்வொருவரும் படை வரம்பில் எடுத்துக்கொள்ளும் இடம்) தாண்டினால், சுரங்கத்திலிருந்து வரும் தங்கத்தில் 70 விழுக்காடுதான் கைக்கு வரும். 80-ஐத் தாண்டினால் 40 விழுக்காடு. கோபுரங்களுக்கு உணவு தேவையில்லை என்பதால், 50-க்குள் நின்றுகொண்டே தளத்தைக் காக்க அவை உதவுகின்றன.

மூன்றாவது, சிறு படையாக வந்து தொழிலாளர்களைக் கொன்றுவிட்டு ஓடும் தொல்லைத் தாக்குதல்கள். உங்கள் முதன்மைப் படை வரைபடத்தின் மறுகோடியில் இருக்கும்போது, பின்புறமாக வரும் நான்கு வீரர்களை விரட்ட ஓரிரு கட்டடங்கள் போதும். நான்காவது, மறைந்து வரும் எதிரிகள். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் டார்க் டெம்ப்ளரையும் மறைந்து பறக்கும் பான்ஷீயையும் கண்டறியும் கருவி இல்லாவிட்டால் எத்தனை வீரர்கள் இருந்தும் பயனில்லை. போட்டான் கேனன், மிசைல் டரட், ஸ்போர் கிராலர் மூன்றும் சுடுவதோடு மறைந்தவற்றைக் காட்டியும் கொடுக்கும். தளத்துக்கு ஒன்றாவது வைத்திருப்பது பணத்தை வீணாக்குவதாகாது.

எங்கே வைக்க வேண்டும்?

புதியவர்கள் பெரும்பாலும் தளத்தின் விளிம்பில், எதிரி வரும் திசையைப் பார்த்து வைக்கிறார்கள். விளிம்பில் நிற்கும் கோபுரம் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. காக்க வேண்டிய பொருள் அதற்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. எதிரி எதைத் தேடி வருவார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தொழிலாளர்களைத் தேடித்தான் வருவார். ஆகவே கட்டடத்தின் வீச்சு, தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்தை முழுமையாக மூடும்படி வைக்க வேண்டும். பறந்துவரும் மியூட்டாலிஸ்க் கூட்டத்துக்கு எதிரான டரட்டுகள் மினரல் வரிசைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது, கட்டடங்கள் ஒன்றையொன்று காக்கும் தொலைவில் இருப்பது. ஒரு கேனனின் வீச்சு 7 என்றால், அடுத்த கேனன் முதல் கேனனைத் தாக்குபவர்மீது சுடக்கூடிய அளவுக்கு நெருக்கமாக நிற்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பைலானின் (கேனன்களுக்கு மின்சாரம் தரும் கட்டடம்) மின்வட்டத்துக்குள் அடைத்துவிடுவது ஆபத்து: அந்த ஒரு பைலான் விழுந்தால் அத்தனை கேனன்களும் ஒரே நொடியில் வெறும் கற்களாகிவிடும். இரண்டு பைலான்களின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் கேனன்களை வைப்பதற்கு 100 மினரல் கூடுதலாகச் செலவாகும், தயங்காமல் செலவிடுங்கள்.

மேட்டு நிலம் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் மேட்டிலிருந்து கீழே தாக்கும்போது சேதம் 25 விழுக்காடு கூடுகிறது; கீழிருந்து மேலே தாக்கும்போது அதே அளவு குறைகிறது. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் சேதக் கணக்கு மாறுவதில்லை என்றாலும், மேலே என்ன இருக்கிறது என்பதைக் கீழே நிற்பவர் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைச் சுடவும் முடியாது. கடைசியாக ஓர் எச்சரிக்கை: உங்கள் படை வெளியேறும் வழியை உங்கள் கட்டடங்களே அடைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள்கூட அவசரத்தில் இதைச் செய்துவிடுவதுண்டு.

கோபுரம் இல்லாமல் மதில் மட்டும் போதுமா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் தொடக்க நிமிடங்களுக்குப் போதும். மரவேலி மிக மலிவானது. மரங்கள், வீடுகள், பாசறைகள் ஆகியவற்றையே மதிலின் பகுதிகளாகப் பயன்படுத்தினால் இன்னும் மலிவு. குதிரை வீரர்களை நம்பி விரைந்து தாக்க வருபவர், அந்த வேலியை வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் ஈட்டி வீரர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆனால் ஒரே ஒரு கட்ட அளவு இடைவெளி இருந்தாலும் மதில் முழுவதும் வீண். வேலியை முடித்தவுடன் மினிமேப்பை (திரை மூலையில் தெரியும் சிறு வரைபடம்) நம்பாமல் திரையை நகர்த்தி ஒரு சுற்றுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஸ்டார்கிராஃப்ட் 2-இல் டெரன் இனத்தவர் சரிவுப் பாதையின் உச்சியைச் சப்ளை டிப்போக்களால் அடைக்கிறார்கள். டிப்போவைத் தரைக்குள் இறக்கவும் ஏற்றவும் முடியும் என்பதால் அது கதவாகவும் பயன்படுகிறது. மதிலுக்குப் பின்னால் தொலைவிலிருந்து தாக்கும் வீரர்கள் நின்றால்தான் மதிலுக்கு முழுப் பயன் உண்டு. ஆளில்லா மதில் தாமதத்தை மட்டுமே தரும்.

தொழிலாளர்களை உள்ளே ஏற்றுவது எப்போது? பழுதுபார்க்க அனுப்புவது எப்போது?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் நகர மையத்துக்குள் 15 பேரும், கோபுரத்துக்குள் 5 பேரும் தங்கலாம். கிராமவாசிகள் உள்ளே போகப் போக வெளியே பறக்கும் அம்புகளும் கூடும். ஆனால் நகர மணியை அடித்து எல்லோரையும் உள்ளே இழுத்தால், எதிரி ஒருவரையும் கொல்லாமலே உங்கள் வருமானத்தை நிறுத்திவிட்டார் என்றுதான் பொருள். மூன்று குதிரைகளுக்காக மணி அடிக்காதீர்கள். தாக்கப்படும் பகுதியில் உள்ளவர்களை மட்டும் அருகிலுள்ள கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டு, மற்றவர்களை வேலையில் இருக்க விடுங்கள்.

பழுதுபார்ப்பதைப் பொறுத்தவரை, கட்டடத்தின் உயிர்ப்புள்ளிகள் அதிகமாக இருக்கும்போதுதான் அது பெரிய பலன் தரும். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் டெரன் இனத்தின் சுடும் தளக் கட்டடமான பிளானெட்டரி ஃபோர்ட்ரஸ் 1,500 உயிர்ப்புள்ளிகளும் 3 கவசமும் கொண்டது. சுற்றிலும் எஸ்சிவிக்கள் (டெரன் தொழிலாளர்கள்) நின்று பழுதுபார்த்துக்கொண்டிருந்தால், சிறு படைகளால் அதை வீழ்த்தவே முடியாது. சிறிய கோபுரத்தைப் பழுதுபார்க்க நான்கு தொழிலாளர்களை அனுப்பினால், பெரும்பாலும் கோபுரத்தோடு சேர்த்து அவர்களையும் இழப்பீர்கள்.

மின்சாரம் தேவைப்படும் கட்டடங்களை நம்பலாமா?

மின்நிலையத்தையும் காக்க முடிந்தால் நம்பலாம். ரெட் அலர்ட் 2-இல் டெஸ்லா காயிலும் பிரிசம் கோபுரமும் தம் விலைக்கு மிக அதிகமான சேதத்தைத் தருபவை. மின்சாரம் போனால் இரண்டும் ஊமையாகிவிடும். எதிரி மின்நிலையங்களை வான்வழியே தாக்கலாம் அல்லது ஓர் உளவாளியை மின்நிலையத்துக்குள் அனுப்பியே சிறிது நேரத்துக்கு மின்சாரத்தைத் துண்டித்துவிடலாம். இந்த இடைவெளியை நிரப்பச் சோவியத் தரப்பில் டெஸ்லா வீரர்கள் இருக்கிறார்கள்: காயிலின் அருகில் அவர்களை நிறுத்தி அதற்கு மின்னேற்றச் சொன்னால், மின்சாரம் இல்லாமலும் அது சுடும். மின்சாரமே தேவைப்படாத பில்பாக்ஸும் சென்ட்ரி கன்னும் வலுவில் குறைந்தவை என்றாலும், அவற்றில் சிலவற்றைக் கலந்து வைப்பதே விவேகம்.

எதிரி கோபுரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எப்படி உடைப்பது?

முதலில் வீச்சைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லா விளையாட்டுகளிலும் நிலையான கட்டடத்தைவிட நீண்ட வீச்சுடைய முற்றுகை ஆயுதம் ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் ஆட்டங்கள் முடியவே மாட்டா. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் கோட்டையின் அடிப்படை வீச்சு 8, வழக்கமான வீச்சு மேம்பாடுகளைச் சேர்த்தால் 11. ட்ரெபுஷேயின் வீச்சு 16. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் கேனனின் வீச்சு 7, நிலைகொண்ட ஸீஜ் டேங்கின் வீச்சு 13. இங்கே பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு: டேங்க் 13 தொலைவுவரை சுடும், ஆனால் 11 தொலைவுவரைதான் பார்க்கும். முன்னால் ஒரு வீரரோ, பறக்கும் கட்டடமோ, ஸ்கேனோ பார்வை தராவிட்டால் அந்தக் கூடுதல் வீச்சு வீணாகிறது.

அடுத்து, சேதத்தின் வகை. வார்கிராஃப்ட் 3-இல் கோபுரங்களுக்கு அரண் கவசம் உண்டு. அதன்மேல் துளைக்கும் வகைத் தாக்குதல் 35 விழுக்காடும், சாதாரணத் தாக்குதல் 70 விழுக்காடும், முற்றுகைத் தாக்குதல் 150 விழுக்காடும் பலிக்கின்றன. வில்லாளிகளையும் துப்பாக்கி வீரர்களையும் மட்டும் கொண்டு கோபுரத்தைத் தாக்குபவர், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலத்துடன் போரிடுகிறார். ஓர்க் இனத்தின் ரெய்டர்களுக்கு முற்றுகை வகைத் தாக்குதல் இருப்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. வேகமாக வந்து கட்டடங்களைத் தகர்த்துவிட்டுத் திரும்ப அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் இதே கணக்கு மறுபக்கமாக வேலை செய்கிறது: தகர்ப்புப் பொறியின் மேல் அம்புகள் பெயரளவுக்கே சேதம் செய்கின்றன. அதற்குள் காலாட்படையினரை ஏற்றினால் வேகமும் தாக்கும் வலுவும் கூடும். எதிரி வாள் வீரர்களுடன் வெளியே வந்தால் அவர்களை உடனே இறக்கிப் போரிடவும் செய்யலாம்.

தாக்குதல் தொடங்கிய பிறகு எதை முதலில் குறிவைப்பது என்பதும் முக்கியம். பழுதுபார்ப்பவர்கள் இருந்தால் அவர்களே முதல் இலக்கு. பங்கரை விட்டுவிட்டு எஸ்சிவிக்களைச் சுடுவது நேரத்தை வீணாக்குவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் அதுவே குறுக்குவழி. பைலான் எட்டும் தொலைவில் இருந்தால் கேனன்களை மறந்துவிட்டுப் பைலானை உடையுங்கள். எதுவும் இல்லையென்றால் ஒரு கட்டடத்தின்மேல் அனைவரும் சேர்ந்து தாக்குங்கள். பாதி உடைந்த மூன்று கோபுரங்கள் மூன்று கோபுரங்களாகவே சுடும்.

உடைக்காமல் விட்டுவிடலாமா?

பெரும்பாலான நேரங்களில் அதுவே சிறந்தது. எதிரி ஒரு தளத்தில் ஆறு கோபுரங்களை எழுப்பியிருக்கிறார் என்பதை உளவு சொல்லும்போது, அவர் அந்தப் பணத்தைப் படையிலோ புதிய தளத்திலோ போடவில்லை என்பதையும் அதே உளவு சொல்லிவிடுகிறது. அவர் வெளியே வந்து தாக்கும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டார். அதற்கு நீங்கள் அளிக்க வேண்டிய மறுமொழி, பாதுகாப்பாக இன்னொரு தளம் எடுப்பதுதான். வரைபடத்தின் வளங்களைப் பிடித்துக்கொண்டு, அவர் விரிவடைய முயலும்போது மட்டும் தடுத்துக்கொண்டிருந்தால், கோபுரங்களுக்கு நடுவில் இருக்கும் தங்கமும் மினரலும் தாமாகவே தீரும். கோபுரங்களைப் பார்த்த கோபத்தில் உங்களிடம் உள்ள படையை அவற்றின்மேல் மோதவிட்டு அழிப்பதுதான் எதிரி உங்களிடமிருந்து எதிர்பார்ப்பது.

எதிரி என் தளத்துக்குள்ளேயே வந்து கோபுரம் கட்டுகிறார். என்ன செய்வது?

இந்த உத்தி முழுவதும் நீங்கள் தாமதமாகக் கவனிப்பதை நம்பியிருக்கிறது. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் கேனன் ரஷ் எனப்படும் இத்தகைய விரைவுத் தாக்குதலில் ஒரு ப்ரோப் உங்கள் தளத்தின் மூலையில் பைலானை வைக்கும். எதிரியின் தளத்தில் ஃபோர்ஜ் முடிந்தவுடன் கேனன்கள் எழத் தொடங்கும். ஒரு கேனன் முழுமையடைய ஏறத்தாழ 29 வினாடிகள் ஆகின்றன. அதற்குள் அதை உடைத்தால் எதிரி 150 மினரலை இழக்கிறார், உடைக்காவிட்டால் ஆட்டத்தையே நீங்கள் இழக்கக்கூடும். கட்டுமானத்தின் தொடக்கத்தில் உயிர்ப்புள்ளிகள் மிகக் குறைவு என்பதால், எழும் ஒவ்வொரு கேனனுக்கும் நான்கைந்து தொழிலாளர்களை உடனே அனுப்புங்கள். கூடவே ஒருவரை அந்த ப்ரோப்பைத் துரத்தவும் அனுப்புங்கள். ஒரு கேனன் முழுமையடைந்துவிட்டால், அதன்மேல் தொழிலாளர்களைத் தொடர்ந்து மோதவிடாமல் பின்வாங்கி, நீண்ட வீச்சுடைய வீரர்களை உருவாக்குவதே மேல். ஜெர்க்காக ஆடுபவர்களுக்கு ராவேஜர் பொருத்தமான விடை: அதன் அமிலப் பந்து 9 தொலைவுவரை செல்லும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் கோபுரத் தாக்குதல் சற்று மெதுவானது. எதிரியின் கிராமவாசிகள் சிலர் உங்கள் மரவெட்டும் இடத்துக்கோ தங்கச் சுரங்கத்துக்கோ அருகில் வந்து கட்டத் தொடங்குவார்கள். அப்போது கோபுரத்தை மறந்துவிட்டுக் கட்டுபவர்களைக் கொல்ல முயலுங்கள். முடியாவிட்டால் உடனடியாக வேறொரு காட்டுக்கு இடம்பெயருங்கள். அந்த இடத்தைவிட்டு நகர மனமில்லாமல் அம்புகளுக்கு நடுவே வேலையைத் தொடர்பவர்கள்தான் இந்தத் தாக்குதலுக்குப் பலியாகிறார்கள். எதிரி தம் தொழிலாளர்களையும் கல்லையும் செலவிட்டிருக்கிறார். நீங்கள் இழப்பில்லாமல் நகர்ந்துவிட்டால் கணக்கு உங்கள் பக்கம்தான்.

நானும் கட்டடங்களைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. எதிரியின் தங்கச் சுரங்கத்துக்கு அருகில் எழுப்பப்படும் கோட்டை, அந்தச் சுரங்கத்தையே பறித்துவிடுகிறது. முற்றுகைப் பொறிகள் உருவாகும் இடமும் போர்முனைக்கு நெருங்கி வந்துவிடுகிறது. துணைக்குப் படை இல்லாமல் மட்டும் போகாதீர்கள். பாதி எழுந்த கோட்டையைச் சுற்றிக் கட்டுபவர்கள் செத்துக் கிடந்தால் 650 கல் போனதுதான்.

எதிரியிடம் முற்றுகை ஆயுதங்கள் வந்துவிட்டன. என் கோபுரங்களை இனி என்ன செய்வது?

அவை இனி சுவர்களாகவும் கண்களாகவுமே பயன்படும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ட்ரெபுஷேக்கள் தொலைவில் நின்று கோட்டையை உடைக்கும்போது, கோட்டைக்குள் காத்திருப்பது தவறு. பொறிகளைப் பிரித்து நிறுத்தவும் மடக்கவும் நேரமாகும் என்பதால், குதிரைப்படையுடன் பக்கவாட்டிலிருந்து பாய்வதே வழி. கோட்டை அப்போதும் பயனற்றதல்ல: எதிரியின் காவல்படை பொறிகளைவிட்டு முன்னேறி வந்தால் அம்புகளுக்கு இரையாகும், வராவிட்டால் பொறிகளுடன் ஒட்டிக்கொண்டு நிற்கும். எதிரி எங்கே நிற்பார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிவதுதான் இங்கே உங்கள் ஆதாயம். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் டெரன் ஆட்டக்காரர்கள் தேவை முடிந்த பங்கரைக் கலைத்து, விலையில் 75 விழுக்காட்டைத் திரும்பப் பெறலாம். இந்தச் சலுகை இருந்தும் பலர் பயன்படுத்துவதில்லை.

கணினியை எதிர்த்து ஆடும்போது கோபுரங்களே வென்று தருகின்றன. மனிதர்களிடம் அது ஏன் பலிப்பதில்லை?

கணினி எதிராளிகள் பலவும் படையைத் தவணை தவணையாக, ஒரே வழியில், கோபுரத்தின் மேலேயே அனுப்பும். மனிதர் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்; அடுத்த முறை வேறு வழியிலோ வேறு ஆயுதத்துடனோ வருவார், அல்லது வராமலே மூன்று தளங்கள் எடுத்துவிடுவார்.

ஆட்டம் நீண்டு, மக்கள்தொகை வரம்பை எட்டிவிட்டேன். இப்போதும் கோபுரங்களைக் குறைவாகத்தான் கட்ட வேண்டுமா?

இல்லை, இந்தக் கட்டத்தில் கணக்கு தலைகீழாகிறது. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் வரம்பு 200. அதை எட்டிய பிறகு மினரல் குவிந்துகொண்டே போகும், அதைக் கொண்டு ஒரு வீரரையும் கூடுதலாகச் சேர்க்க முடியாது. கட்டடங்களுக்கு அந்த வரம்பு இல்லை. எனவே ஒதுக்குப்புறத் தளங்களில் கேனன்களையும் டரட்டுகளையும் அடர்த்தியாக எழுப்பிவிட்டு, படை முழுவதையும் ஒரே இடத்தில் திரட்டி வைத்துக்கொள்ளலாம். ஜெர்க்குக்கு இன்னொரு சலுகை உண்டு: ட்ரோன் என்னும் தொழிலாளிதான் கிராலராக உருமாறுகிறது என்பதால், கட்டப்படும் ஒவ்வொரு கிராலரும் மக்கள்தொகையில் ஓரிடத்தைக் காலி செய்து தருகிறது. தேவைக்கு மிஞ்சிய ட்ரோன்களை ஸ்போர், ஸ்பைன் கிராலர்களாக மாற்றி, காலியான இடங்களில் படைவீரர்களைப் பொரிக்க வைப்பது நீண்ட ஆட்டங்களில் வழக்கமான முறை. தளங்களில் மினரல் தீரும் தறுவாயில் இதைச் செய்தால் வருமான இழப்பும் பெரிதாக இராது.